சொரிமுத்துவின் தோட்டாவும் பழைய பன்றியும்

அறிவைப் பங்கு வைத்த அன்றைக்குக் கோட்டான்குளத்துக்காரர்கள் ஊரில் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தாலும், வாங்கியதை எங்கே வைப்பது என்று பேசியே தொலைத்திருப்பார்கள்.

அந்த ஊர்ச் சொரிமுத்துவுக்கு மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளித் தோட்டம். அவன் வீட்டில் அடுப்பெரிவதே அந்தக் கிழங்கால்தான். பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றி இறங்கிவந்து தோண்டித் தின்றது. விரட்டுவதற்கு அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. கடைத் தோட்டா வாங்க மனம் வராமல், வெடித்த கூடுகளிலேயே வீட்டில் உட்கார்ந்து வெடிமருந்து அடைப்பான். ஒன்று மலை அதிர வெடிக்கும். அடுத்தது 'புஸ்' என்று மூச்சு விடும். அந்தப் புஸ்ஸுக்கெல்லாம் பன்றி தலையைக்கூடத் தூக்காது.

மருந்தை அவன் அள்ளுவது கைக்கு வந்த அளவு. அடைத்த தோட்டாக்களை அடுக்குவது தண்ணீர்ப் பானை மூடிமேல், குளுமையாக இருக்குமாம். இந்த இரண்டையும் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றின்மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

டவுனில் துப்பாக்கிக் கடைக்காரரிடம் போய் அழுதான். அவர் சொன்னார்: "ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்திப் பாரும். மத்ததெல்லாம் முன்ன இருந்தபடியே இருக்கணும். அப்பதான் கோளாறு எதுலன்னு பிடிபடும்."

நல்ல யோசனைதான். போய்ச் சேர்ந்த மண்டைதான் சரியில்லை.

மச்சினன் பேச்சிமுத்துவும், குளத்து மடை திறக்கும் உச்சிமாகாளியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா வெடிச்ச அன்னைக்கு என்னவே நடந்துது?" என்றார் உச்சிமாகாளி.

"கருவாட்டுக் குழம்பு தின்னேன். எம் பொண்டாட்டி வெளக்குமாத்தால நாலு சாத்து சாத்துனா."

"அப்ப அது ரெண்டும் தெனமும் நடக்கணும்."

மனைவி மாசானம் இந்த ஆராய்ச்சிக்கு மனதார ஒத்துழைத்தாள். தினமும் குழம்பு, தினமும் சாத்து. முதலில் சொரிமுத்துவின் சட்டையை மாற்றினார்கள். புஸ். சுடுகிற ஆளை மாற்றினார்கள். பேச்சிமுத்து சுட்டும் புஸ். சாய்ந்து நிற்கிற மரத்தை மாற்றினார்கள். அதற்கும் புஸ். இதற்குள் தோட்டத்தில் ஒரு மூலைதான் மிச்சம்.

அடுத்த நாள் தலைப்பாகையை மாற்றினார்கள். ஒரு பன்றி வந்தது. சொரிமுத்து குறி வைத்தான்.

"அத்தான், சுடாதிய!" என்று பேச்சிமுத்து கையைப் பிடித்தான். "பழைய பன்னிக்குக் காது கிழிஞ்சிருக்கும். இது வேற பன்னி. தலைப்பாவும் மாறி, பன்னியும் மாறுனா, கோளாறு எதுலன்னு எப்படித் தெரியும்?"

"அதான வே!" என்று உச்சிமாகாளி வியந்துபோனார்.

மூன்று பேரும் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள், மண்ணாங்கட்டியை வீசினார்கள். பன்றி திரும்பிப் பாராமல் காட்டுக்குள் ஓடியே போனது. தோட்டா இல்லாமலே பன்றி ஓடியதை ஒரு ஜென்மமாவது கவனிக்க வேண்டுமே!

பழைய பன்றிக்காகக் காத்துக் கிடந்தார்கள். அது வரவில்லை.

"வாசம் காட்டிக் கூப்பிடணும்வே. மிச்சக் கிழங்கத் தோண்டிக் குமிச்சு வையும்" என்றார் உச்சிமாகாளி.

சொரிமுத்து மிச்சமிருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். "எம் பிள்ளையளுக்கு இருக்கது அது ஒண்ணுதான் வே."

"அதக் காப்பாத்தணும்னா தோட்டா வெடிக்கணுமா, வேண்டாமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொரிமுத்துவே எல்லாவற்றையும் தோண்டினான். மண் ஒட்டியிருந்தால் பன்றி கோபித்துக்கொள்ளும் என்று கழுவியும் வைத்தான்.

கிழிந்த காதுப் பன்றி குடும்பத்தோடு வந்தது. நிதானமாகத் தின்றது. கடைசிக் கிழங்கு அதன் வாய்க்குள் போகும்போது சொரிமுத்து விசையை அழுத்தினான்.

டமார்! மலை இடிந்து விழுந்த மாதிரி வெடித்தது. குண்டு எங்கே போனதோ, பன்றிகள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

"கோளாறு தலைப்பாவுலதான் இருந்திருக்கு!" என்று பேச்சிமுத்து கத்தினான். சொரிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள்.

அன்றுமுதல் அவன் புதுத் தலைப்பாகையோடு, மொட்டையாய்க் கிடக்கிற தோட்டத்தில் தினமும் காவலுக்குப் போகிறான். மாசானம் ஒருநாள் விளக்குமாற்றோடு வந்து நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"ஒரு பன்னியக்கூடக் காணுமே?"

சொரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். "பயந்துட்டுது புள்ள! இப்பல்லாம் கிழங்கு இருக்கான்னு எட்டிப் பாக்கக்கூட அதுக்குத் தைரியம் இல்ல."