புல்லில் திரித்த எல்லை

கல்வராயன் மலையில் தேனெடுத்து வாழ்ந்த கொளஞ்சி என்பவர், 1983ஆம் ஆண்டு பங்குனியில் சொல்லக் கேட்டது.

"தாயே, பசித்த மாடு இந்தப் புற்பிரியையே தின்றுவிடுமே!" என்றான் சடையாண்டி.

"தின்னும்," என்றாள் பூரணியம்மை.

"தின்றால்?"

"மறுபடி திரிக்க வேண்டியதுதான்."

சடையாண்டிக்கு எரிச்சலாக வந்தது. மரம் வெட்டியே தலை நரைத்தவன். தன்னைவிட இளைய துறவியான இந்த அம்மையிடம் சீடனாக வந்து சேர்ந்தவன். அவர்கள் நின்றிருந்த சரிவு, அவன் கோடரியும் சேர்ந்து மொட்டையடித்தது. வற்றிய ஊற்று மீள வேண்டுமென்று ஊரார் அங்கே மேய்ச்சலை நிறுத்திக் கன்றுகள் நட்டிருந்தார்கள். எல்லையாகக் கட்டியது வெறும் பிரி, புல்லால் திரித்த கயிறு. வீட்டுக்கொரு துண்டு, அமாவாசைதோறும் புதிது.

ஊற்றில் இப்போதுதான் நூலாக நீர் கசிந்தது.

அம்மை விதை சேர்க்க மேற்குக் காட்டுக்குப் போன சமயம் பார்த்து, அவன் பிரியை அறுத்தெறிந்தான். தனியாளாக முள் வெட்டி ஆளுயர வேலி அடைத்தான்.

"இனி யாரும் திரிக்க வேண்டாம். உங்களுக்கும் வேலை மிச்சம்" என்று ஊரில் சொல்லிவிட்டும் வந்தான்.

கோடை முற்றியது. அம்மை திரும்பிய காலையில் வேலிக்கு முன் ஊரே நின்றது. முன்னால் சடையாண்டியின் அண்ணன் காளப்பன். ஒரு கையில் அரிவாள். மறு கையில் சினைமாட்டின் தலைக்கயிறு. மாட்டின் விலா எலும்புகள் துருத்தி நின்றன.

"வேலியைப் பிரிடா."

"என்னை வெட்டிப் போட்டுட்டுப் போ, அண்ணே."

"வெட்டமாட்டேன்னு நெனச்சியா? மலைய மொட்டையடிச்சவரு இன்னிக்குக் காவக்காரராயிட்டாரு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அரிவாள் உயர்ந்தது.

"காளப்பா," என்றாள் அம்மை. "போன கோடையிலும் மாடு பசித்ததே. பிரியைத் தாண்டினாயா?"

"இல்லீங்கம்மா. தழை ஒடிச்சுப் போட்டுச் சமாளிச்சேன்."

"ஏன்?"

"அதுல என் வீட்டுத் துண்டும் கெடந்துச்சு."

"இதில்?"

"இதுல என்ன கெடக்கு? இவன் திமிருதான் கெடக்கு."

அம்மை வெறுங்கையால் முள்ளை இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது.

"தாயே, ஊற்று போய்விடும்!" சடையாண்டி கதறினான்.

அவள் திரும்பவில்லை. ஒரு மாடு நுழையும் அளவுக்கு வழி திறந்தது. மாடு கழுத்தை நீட்டியது.

அந்த வழியின் நடுவே அம்மை அமர்ந்து, காய்ந்த புல்லை அள்ளித் திரிக்கத் தொடங்கினாள். பிரி திரிக்க இருவர் வேண்டும்: ஒருவர் புல் கொடுக்க, மற்றவர் முனையைப் பிடித்து முறுக்க வேண்டும். முனையைப் பிடிக்கச் சடையாண்டி பாய்ந்தான்.

அவள் அதை விலக்கிக்கொண்டாள்.

"நீ வேண்டாம்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பிரியின் முனை தரையில் கிடந்தது.

காளப்பன் அந்த முனையைப் பார்த்தான்; அரிவாளும் தலைக்கயிறும் பிடித்த தன் இரு கைகளையும் பார்த்தான்.

அரிவாளைக் கீழே போட்டான்.

கொளஞ்சி இவ்வளவோடு நிறுத்திவிட்டார். கிழக்குச் சரிவு ஊர்களிலோ, அவன் விட்டது அரிவாளை அல்ல, தலைக்கயிற்றை என்கிறார்கள். மாடு பிரியைத் தின்றதாம். மறுநாள் முனை பிடிக்க இரண்டு வீட்டார் வந்தார்களாம்.