பஞ்சாலைக் காற்றாடியும் பஞ்சுக் கிடங்கும்

என்னை முதலில் ஏமாற்றியது நரி. அடுத்தது பல்லி. மயிலுக்கும் இதில் பங்கு உண்டு. கழுதைதானே, மறந்துவிடும் என்று மூவரும் நினைத்தார்கள். நான் மறக்கவில்லை.

காட்டோரத்தில் மூடிப்போன பஞ்சாலை ஒன்று இருந்தது. மனிதர்கள் விட்டுப் போன பிறகு நாங்கள் அதில் குடியேறினோம். பாய்லர் அறை எனக்கு. அங்கே மழை ஒரு சொட்டுகூட விழாது. பஞ்சுக் கிடங்கு நரிக்கு. அதில் பழைய பஞ்சு மலைபோல் குவிந்து கிடந்தது. படுத்தால் எழுந்திருக்கவே மனம் வராது.

ஆலைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் பாதாளத்தில் இருந்தது. ஒரு நாள் நரி எல்லோரையும் கூட்டியது.

"புகைபோக்கி உச்சியில பெரிய காற்றாடி வைப்போம். காத்து அடிச்சா சுத்தும். கரண்டு வரும். ஆலையோட பழைய மோட்டார் ஓடும். தொட்டி நிறையும்."

தவளைகள் துள்ளின. முயல்கள் துள்ளின. ஆமைகூடத் துள்ளப் பார்த்தது.

"ஆனா அண்ணனோட பாய்லர் அறை வேணும். காற்றாடித் தண்டு புகைபோக்கி வழியா அங்கதான் இறங்கணும்" என்றது நரி.

"நான் எங்க தம்பி படுப்பேன்?"

"என் பஞ்சுக் கிடங்கை எடுத்துக்குங்க அண்ணே. காற்றாடி ஓடுற அன்னைக்கே அது உங்களுது. நான் ஏதாவது புதர்ல படுத்துக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் காலைத் தட்டினேன். அறையைக் கொடுத்துவிட்டு வெளியே வேலிக்காத்தான் முள்மரத்தின் அடியில் போய் நின்றேன்.

ஆலையின் தகரக் கதவுகளைக் கழற்றி இறக்கைகள் செய்தோம். குரங்குகள் அவற்றை உச்சிக்குக் கொண்டுபோய் மாட்டின. ஆனி முடிவதற்குள் வேலை முடிந்தது. காற்று மலையிடுக்கில் உறுமியது. சுற்றத் துடித்த காற்றாடியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் பார்க்க வேண்டுமாம்!

பல்லிதான் எங்கள் ஜோசியர். நரியின் கிடங்குச் சுவரில் குடியிருந்தார்.

"ச்சு, ச்சு! ஆடியா? ஆகாது" என்றார்.

"ஆவணி?" என்று கேட்டேன்.

"ஆவணியில எனக்குத் தோகை உதிரும்" என்றது மயில். "ரிப்பன் வெட்டப்போறது நான். மொட்டை வாலோட மேடை ஏற மாட்டேன்."

"புரட்டாசி?"

"ஆகாது" என்றார் பல்லி.

"ஐப்பசி?"

"மழை" என்றது நரி. "விழாவுக்கு வர்றவங்க நனைவாங்க."

"நான் தினமும் நனையுறேனே?"

"உங்களுக்குப் பழக்கம் அண்ணே."

கார்த்திகையில் தோகை பாதிதான் வளர்ந்திருந்தது. மார்கழி ஆகவே ஆகாது. கடைசியில் தை பிறந்தது. மயில் முழுத் தோகையோடு வந்து ரிப்பனைக் கொத்தியது. குரங்குகள் கயிற்றை அவிழ்த்தன. காற்றாடி அசையவில்லை. பக்கத்து மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தது.

நரி என் காதோரம் வந்தது. "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க."

பாய்லர் அறையில் என்னைத் தண்டோடு சேர்த்துக் கட்டியது. நான் சுற்றினேன். தண்டு சுற்றியது. உச்சியில் காற்றாடி சுற்றியது. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. வெளியே ஒரே ஆரவாரம். மாலை நரியின் கழுத்தில் விழுந்தது.

"கிடங்கு எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"காற்றாடி எங்க அண்ணே ஓடுது? நீங்கதானே ஓடுறீங்க? ஆடி வரட்டும்."

தையிலிருந்து ஆனி வரை சுற்றினேன். பிறகு ஆடி வந்தது. அப்பப்பா, என்ன காற்று! முதலில் நான் தண்டை இழுத்தேன். பிறகு தண்டு என்னை இழுத்தது. நடந்தேன், ஓடினேன், கடைசியில் கால்கள் தரையிலேயே இல்லை! நான் அலறினேன். "அண்ணன் பாடுறாரு" என்று தவளைகள் தாளம் போட்டன. ஆலை முழுக்க விளக்குகள் எரிந்தன. தொட்டி வழிந்து வெள்ளமாக ஓடியது. அதில் ஆமை முயல்களை முந்திக்கொண்டு மிதந்து போனது.

கயிறு அறுந்தது. நான் ஜன்னல் வழியாகப் பறந்தேன். மயிலின் தலைக்கு மேலே போனேன். கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு பஞ்சில் விழுந்தேன். எனக்கும் பஞ்சுக்கும் நடுவில் நரி இருந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது."

"காற்றாடி ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

"என்னைக் கட்டியிருக்கா?"

"இல்ல அண்ணே."

"அப்ப இந்தக் கிடங்கு யாருது?"

"உங்களுது. சத்தியமா உங்களுது."

பஞ்சு எவ்வளவு மெத்தென்று இருந்தது! கண்ணை மூடினேன். உலகம் இன்னும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ச்சு, ச்சு!" என்று சுவரில் சத்தம் கேட்டது. "ஆடியில குடிபோகலாமா? கிணறே வத்திப்போயிடும்."

கிணறு என்ற சொல் போதும். தவளைகள், முயல்கள், குரங்குகள் எல்லோரும் ஓடிவந்தார்கள். "வேணாம் அண்ணே, வேணாம்" என்று கெஞ்சிக்கொண்டே என் வாலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

நரி பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டது. "தையில பால் காய்ச்சிடலாம் அண்ணே" என்றது.

தை வந்தது. காற்று நின்றது. நரி புதுக் கயிற்றோடு வந்தது. "குடிபோறது இருக்கட்டும், தொட்டி காஞ்சு கிடக்கு அண்ணே. இந்த ஒரு தடவை மட்டும்." தவளைக் குஞ்சுகள் தொண்டை வறண்டு கத்தின. நான் சுற்றினேன்.

இன்றும் மழை பெய்தால் வேலிக்காத்தான் அடியில்தான் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் கிடங்கின் கூரை தெரியும். நான் விழுந்த ஓட்டையை நரி மறுநாளே அடைத்துவிட்டது. அதற்கு மட்டும் நாள் பார்க்கவில்லை.

கொடுக்க மனம் இல்லாதவனுக்கு எல்லா மாதமும் ஆகாத மாதம்தான்.