சிவப்பு மையில் ஒரு எண்

தாலுகா அலுவலக ரெக்கார்டு அறை வாசலில் உலகம்மாள் தன் அக்கா காந்திமதியின் கொண்டையைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

"விடுட்டி! தவிட்டுக்கு வாங்கினவளுக்கு இவ்வளவு திமிரா?"

"யாரு, நானா? கண்ணாடில உன் மூக்கைப் பாரு. அம்மா மூக்கா அது? சந்தையில கிடந்த மூக்கு!"

சண்டை ஒரு வீட்டுக்காக. அவர்கள் அம்மா சிவகாமி உயிலில் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "வீடு நான் பெற்ற மகளுக்கு மட்டும்." அதைப் படித்த அன்றுதான், தங்களில் ஒருத்தி வளர்ப்புப் பிள்ளை என்று இருவரும் நினைத்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் பழைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை.

ரெக்கார்டு கிளார்க் சுடலைமுத்து பழைய பிறப்புப் பதிவேடுகளை எல்லாம் புரட்டினார். சிவகாமிக்கு ஒரே ஒரு பதிவு. பெண் குழந்தை. பெயர் இல்லை. அப்போதெல்லாம் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள்.

ஓரத்தில் கைக்குறிப்புகள் இருந்தன. அம்மை குத்திய குழந்தைக்கு நீல மையில் 'அ'. அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு குழந்தைகள், பத்துக்கு 'அ' இருந்தது. சிவகாமி குழந்தைக்கு இல்லை. அங்கே சிவப்பு மையில் 47 என்று ஓர் எண். சுடலைமுத்துவின் முப்பது வருட வேலையில், சிவப்பு எண் போட்ட பதிவுக்கு நகல் கேட்டு யாரும் வந்ததில்லை.

"உங்கள்ல அம்மை குத்தினது யாருக்கு?" என்று கேட்டார்.

இருவரும் இடது கையைக் காட்டினார்கள். இரண்டிலும் தழும்பு.

அவர் வேறொரு பதிவேட்டை எடுத்து ஒரு வரியைப் பார்த்தார். மூடினார். தாசில்தார் அறைக்குப் போய் வந்தார்.

"மை ஊறிப்போச்சும்மா. படிக்க முடியலை. நீங்களே பேசிக்கிடுங்க."

வீட்டு வாசலில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஆறு வருடம் பேச்சே இல்லை. பிறகு உலகம்மாள் செத்தாள். அடுத்த தெருவில் இருந்த காந்திமதி போகவில்லை. "எவளோ ஒருத்திக்கு நான் ஏன் அழணும்?" என்றாள்.

இப்போது சொல்லுங்கள், பூசி மெழுக வேண்டாம். அந்தப் பதிவு இருவரில் யாருடையது? சுடலைமுத்து செய்தது சரியா?

விடை: இருவருடையதும் இல்லை. சிவப்பு எண், இறப்புப் பதிவேட்டின் வரிசை எண். சிவகாமி பெற்ற குழந்தை அம்மை குத்தும் முன்பே, ஒன்பதாம் நாள் செத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரையும் எடுத்து வளர்த்தாள். வீடு யாருக்கும் கிடைக்காது என்று தெரிந்தேதான் அந்த வரியை எழுதினாள். சுடலைமுத்து இரக்கப்பட்டார் என்று சிலர் சொல்வார்கள். இரக்கமாவது ஒன்றாவது! இரண்டு கிழவிகள் அழுவதைப் பார்க்க அவருக்குப் பயம். அந்தப் பெண் தாசில்தார் அன்று அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேர்கிட்டயும் இப்பவே உள்ளதைச் சொல்லிருங்க. ஒண்ணா உக்காந்து அழுதுட்டுப் போகட்டும்." அவர் சொல்லவில்லை.