வெங்காயக் காய்ச்சல்

டாக்டர் இருளப்பனை ஏமாற்றிச் சிறை ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிய கைதி இதுவரை பிறக்கவில்லை. அக்குளில் வெங்காயத்தை வைத்துக் காய்ச்சல் வரவழைப்பவனை வாசனையிலேயே பிடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓய்வு பெறப்போகிற காலத்தில் அவருக்கு மனநோய் வைத்தியம் கற்கும் ஆசை வந்தது. குருவாக வாய்த்தவர் டாக்டர் சலோமி. வாரம் ஒருமுறை வருகிற மனநல மருத்துவர். இருளப்பனுக்கு மகள் வயதுதான். ஆனாலும் அவர் உள்ளே வந்தால் இருளப்பன் எழுந்து நிற்பார்.

அன்று மதியம் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை.

"மேடம், கைதி பவுன்ராஜுக்கு இன்னைக்கே சர்டிபிகேட் கேக்குறாங்க. நோய்னு எழுதினா பெரிய ஆஸ்பத்திரி. நடிப்புன்னு எழுதினா மறுபடியும் தனிக்கொட்டடி."

"என்ன செய்றார்?"

"சோத்துல மண்ணைப் போட்டுப் பிசைஞ்சு திங்கிறான். கொட்டடியில ஆரம்பிச்சது. இங்க வார்டுல போட்டு மறைஞ்சிருந்து பார்த்தேன். ஆளுக பார்த்தாத்தான் மண்ணு. இல்லேன்னா வெறும் சோறு. வசமா மாட்டிக்கிட்டான்."

சலோமி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தயிர்சாதம். அதை எடுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போனார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டு, நிதானமாகப் பிசைந்து கொண்டுவந்து இருளப்பன் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க சார்."

"மேடம்?"

"நிஜமா வேண்டாம், நடிச்சாப் போதும். நான் பார்த்துட்டு இருக்கேன்."

இருளப்பன் சிரித்துப் பார்த்தார். சலோமி சிரிக்கவில்லை. பாடம் கேட்கிறேன் என்று தானாகத்தானே வந்தார், இனி யாரை நொந்து என்ன? ஒரு கவளத்தை வாயில் போட்டார். பல்லிடுக்கில் நறநறவென்றது. விழுங்கப் பார்த்தார், குமட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு ஓடித் துப்பினார்.

சலோமி தண்ணீர் கொடுத்தார். இருளப்பன் கொப்பளித்துக் கொப்பளித்து ஓய்ந்தார். வெட்கமாக இருந்தது. பவுன்ராஜ் மேல் முதல்முறையாக இரக்கமும் வந்தது.

"இதை நடிக்க முடியாது மேடம். நோய்தான். அப்படியே எழுதிடறேன்." பேனாவைத் திறந்தார்.

"எனக்குத் தெரியலை சார். நடிப்பாவும் இருக்கலாம்."

இருளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு என்னை மண்ணு திங்க வெச்சீங்க?"

"நடிப்புன்னே வெச்சுக்குவோம். இதைத் தின்னாவது அந்தக் கொட்டடியை விட்டு வெளியே வந்துடணும்னு நினைக்கிறார். அங்க என்ன நடக்குதுன்னு அவரைக் கேட்டீங்களா?"

"இல்லை."

"இத்தனை வருஷமா வெங்காயம் வெச்சவங்களை எல்லாம் பிடிச்சீங்களே, ஏன் வெச்சேன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா சார்?"

இருளப்பன் பேனாவை மூடினார். வார்டுக்குள் போய், பவுன்ராஜின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயில் இன்னும் மண் இருந்தது.