பொரியாத முட்டைகள்

கோரையேரிக் கரையில் பூங்கோதை அம்மையாரின் மடம் இருந்தது. அவருக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராக வந்த நல்லசிவத்துக்கு அறுபத்து மூன்று. ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் நல்லசிவம் தன் மனக்குறையைச் சொன்னார். பாதரசக் கழிவை ஏரியில் விட்ட குழாயை அடைத்து ஒன்பது வருடமாகிறது. அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே அவர்தான். தண்ணீரைச் சோதித்து, சுத்தமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் மீனவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"அவர்கள் கோபம் எப்போது தீரும், அம்மா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்."

அம்மையார் அவரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு கோரைப் புதருக்குப் போனார். மிதந்துகொண்டிருந்த பாசிக் கூட்டில் ஒரு முக்குளிப்பான் அடைகாத்தது. பரிசலைக் கண்டதும் அவசரமாக முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு நீருக்குள் மூழ்கியது. மூடுவதற்குள் நல்லசிவம் எண்ணிவிட்டார். நான்கு முட்டைகள்.

மூன்று வாரத்தில் பொரிக்கும் என்றார் அம்மையார். தினமும் தூரத்தில் நின்று பார்த்து, குஞ்சு வந்ததும் தன்னிடம் சொல்லச் சொன்னார்.

நல்லசிவம் ஒரு நாளும் தவறவில்லை. வெயிலிலும் மழையிலும் ஆணும் பெட்டையும் மாறி மாறி உட்கார்ந்தன. மூன்று வாரம் போனது. நான்காவது வாரமும் போனது. இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று அந்தப் பறவையிடம் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தார். முப்பத்தைந்தாம் நாள் கூட்டில் பறவை இல்லை. மறுநாளும் வரவில்லை.

முட்டைகளைத் துண்டில் ஏந்திக்கொண்டு மடத்துக்கு வந்தார். ஒன்றை உடைக்கச் சொன்னார் அம்மையார். உள்ளே குஞ்சு இருந்தது. கண் இருந்தது, அலகு இருந்தது. உயிர் இல்லை.

"ஏன் இப்படி ஆனது? உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்."

நல்லசிவத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. தண்ணீர் தெளிந்தாலும் பாதரசம் சேற்றில் தங்கிவிடும் என்றார். சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீன்குஞ்சுக்கும், மீன்குஞ்சிலிருந்து பறவைக்கும் போகும். ஒவ்வொரு உடம்பிலும் முந்தியதைவிட அதிகமாகச் சேரும். லேசில் வெளியேறாது. கொஞ்சம் இறகோடு உதிரும். பெட்டையாக இருந்தால் கொஞ்சம் முட்டைக்குள் போகும்.

"அந்தப் பறவைக்கு வயது என்ன இருக்கும்?"

"இரண்டு, மூன்று இருக்கலாம்."

"குழாயை அடைத்து ஒன்பது வருடம் என்றீர்கள்."

"சேற்றில் பழையது கிடக்கும், அம்மா."

"பழையது மட்டும்தானா?"

நல்லசிவம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். குழாயை அடைத்த பிறகு, உடைந்த தெர்மாமீட்டர்களை நிர்வாகம் ஏரிக்கு வரும் ஓடையின் கரையில் பள்ளம் தோண்டிப் புதைத்தது. நாற்பது பீப்பாய்கள். இடம் அவருக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். பீப்பாய்கள் இதற்குள் துருப்பிடித்திருக்கும்.

அம்மையார் உடைந்த முட்டையை அவர் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்குமா கோபம்?"

"ஒன்பது வருடமாக அந்த ஏரி மீனைத்தான் மீனவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வரக் கூடாதா?"

நல்லசிவம் தலை குனிந்தார். இப்போது சொன்னால் ஜெயிலில் போடுவார்கள் என்றார். அதற்கு முன்னால் மீனவர்களே அடித்துவிடுவார்கள் என்றார். அம்மையார் எழுந்து கதவைத் திறந்து வைத்தார். படித்துறையில் மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நல்லசிவம் மெதுவாக எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

"நீங்களும் கூட வருவீர்களா, அம்மா?"

"வருகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்கிறேன்."