ஒரு முழக் கேபிள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தலையில் அடிபட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவரின் ஸ்கேன் படம் டாக்டரின் கம்ப்யூட்டரில் திறக்க இருபது நிமிடம் ஆனது. ஏதோ ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டார். மேனேஜரான நான், கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பூங்கோதையை டாக்டர் முன்னாலேயே கூப்பிட்டுக் கத்தினேன்.

"படத்தையெல்லாம் சேமிக்கிற கம்ப்யூட்டர் பெட்டியிலேருந்து இன்னொரு பெட்டிக்கு நகல் எடுக்கிறதும் நிக்கக் கூடாது, டாக்டரும் காத்திருக்கக் கூடாது. முடியலைன்னா வீட்டுக்குப் போ!"

அவள் மேசையிலிருந்த டீயை என் கையில் கொடுத்தாள். "டாக்டருக்குக் கொடுங்க சார்."

பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன்.

"ஏன் சார், வெளியே நோயாளிங்க கூட்டத்துல புகுந்து சுத்தி வந்து கொடுக்கலை?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அந்த ரெண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்துலதான் சார் இருக்கு. நகல் மட்டும் டாக்டருங்களுக்குப் படம் போற லைன்ல இடிச்சுக்கிட்டு சுத்திப் போகுது. நடுவுல தனியா ஒரு கேபிள் போட்டா போதும்."

"இதை முன்னாடியே கேட்கிறதுக்கென்ன?" என்று எகிறினேன்.

ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். ஒரு முழக் கேபிள் கேட்டு மூன்று மாதத்துக்கு முன் அவள் எழுதியது. குறுக்கே சிவப்பு மையில் 'தேவையில்லை'. கீழே என் கையெழுத்து.

டாக்டர் அதைப் படித்தார். டீயைக் குடிக்காமல் என் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.