கத்தரிப்பூ நிறம் திரும்பி வந்த நாள்

நாச்சிமுத்து தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுத்த கோகிலவாணிக்கு முப்பத்தொன்று. திருப்பூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது கோகிலவாணியின் தொழில். எரிந்தாலும் நனைந்தாலும் திருடு போனாலும் உள்ளே இருந்ததை மீட்டுத் தருவதும் அதில் சேர்த்தி.

"மக வயசுப் புள்ளைகிட்டப் போய்க் கையைக் கட்டிட்டு நிக்கறியாமா?" என்று சேக்காளிகள் சீண்டினார்கள்.

"கையைக் கட்டிட்டு டைப் அடிக்க முடியாதுப்பா" என்பார் நாச்சிமுத்து.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அவர் பொறுப்பில் விடப்பட்ட முதல் இடம் குழந்தைவேலின் சாயப்பட்டறை. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம், எவ்வளவு என்ற குறிப்புகள் முழுவதும் அங்கே சர்வரில் இருந்தன. அவை போனால் பழைய நிறத்தை மறுபடி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. பட்டறையை மூட வேண்டியதுதான். "எது போனாலும் இது போகாதுங்க, நான் பொறுப்பு" என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, பழைய சீட்டுகளையும் துணி மாதிரிகளையும் குழந்தைவேல் எடைக்குப் போட்டுவிட்டார்.

ஆயுத பூஜைக்கு நாச்சிமுத்துவையும் கோகிலவாணியையும் அவர் அழைத்திருந்தார். எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. சர்வருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

பொரி கடலையை மென்றபடி நாச்சிமுத்து கேட்டார். "அம்மணி, ரெண்டு வருசமா ஒரு நாள் தவறாம நகல் எடுக்கறேன். ஒண்ணு இந்த ரூம்ல, ஒண்ணு முதலாளி வூட்டு பீரோவுல. எல்லாம் சரின்னு கம்ப்யூட்டரே பச்சை டிக் போடுது. நீங்க மட்டும் இன்னும் 'இருக்குதுங்களா, இருக்குதுங்களா'ன்னு கேட்டுட்டே இருக்கறீங்க. இருக்குதுன்னு தெரிஞ்சுக்க வேற என்னதாங்க செய்யோணும்?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சர்வரை அணைத்தார். திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துத் தன் கைப்பையில் போட்டார். பக்கத்தில் இருந்த நகலையும் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ரூம் எரிஞ்சு போச்சு" என்றார்.

குழந்தைவேல் பதறினார். "ஏனுங் நாச்சிமுத்து, இந்தப் புள்ள என்ன பண்ணுது?" கேள்வி எதுவானாலும் அவர் நாச்சிமுத்துவைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் தெரிந்தவர் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான்.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாதுங்க!" என்றார் குழந்தைவேல்.

"பட்டறை நிக்கற நாள் வேற எதுங்க இருக்குது?" என்றார் கோகிலவாணி.

நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அவ்வளவுதானுங்களே? வூட்ல இருக்கற நகலைக் கொண்டாரச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல நான்..."

"நீங்களும் அந்த ரூம்லதான் இருந்தீங்க."

"ஆரு?"

"நீங்க. போய்ச் சேந்துட்டீங்க."

"அதெப்படிங்க? தீப்பிடிச்சா ஓடி வரமாட்டனா? மனுசன்னா..."

"செத்தவங்க பேசறதில்லீங்க."

"நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு!" என்று குழந்தைவேல் காதைப் பொத்திக்கொண்டார்.

கோகிலவாணி, சாயம் நிறுத்துக் கொடுக்கும் மரகதத்தைக் கூப்பிட்டார். "நீங்கதான் திருப்பிக் கொண்டாரணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க்கா."

"இவர் எழுதி வெச்சிருக்கார். நகலோடயே இருக்கும்."

ஆமாம், எழுதி வைத்திருந்தார். தான் இருக்கும்போது எழுதுவது எதற்கு என்று கோகிலவாணியோடு பல நாள் சண்டை போட்டுவிட்டுத்தான் எழுதினார்.

வீட்டிலிருந்து நகல் வந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் மரகதம் உட்கார்ந்தார். நாச்சிமுத்து மூலையில் ஒரு ஸ்டூலில் இறந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பாதி தூரம் சரியாகப் போயிற்று. பிறகு மரகதம் நிமிர்ந்தார்.

"'வழக்கமான இடத்தில் போடவும்'னு எழுதியிருக்குது. எதுங்க வழக்கமான இடம்?"

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவின் வாய் திறந்தது. கோகிலவாணி திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"கண்ணையாச்சும் காட்டுய்யா!" என்று கெஞ்சினார் குழந்தைவேல்.

நாச்சிமுத்து கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி அவர் மூக்கு நுனியில் நின்றது.

மரகதம் ஓரிடத்தில் போட்டுப் பார்த்தார். வரவில்லை. அழித்தார். இன்னோர் இடத்தில் போட்டார்.

பிறகு திரையில் பெயர்கள் வரத் தொடங்கின. இளம்பச்சை. செங்கல். சாம்பல் நீலம். மாந்தளிர். நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

"வந்துருச்சு! எந்திரிய்யா, உசுரு வந்துருச்சு!" குழந்தைவேல் நாச்சிமுத்துவை உலுக்கினார்.

"இன்னும் வரலீங்க" என்றார் கோகிலவாணி.

"அதா, கண்ணு முன்னால தெரியுதே!"

"பேருதானுங்க தெரியுது. நிறம் எங்கே?"

பாதி எழுந்த நாச்சிமுத்து மறுபடி உட்கார்ந்தார்.

குழந்தைவேல் பூஜைப் படத்தின் கீழ் விரித்திருந்த துணியை ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டினார். கத்தரிப்பூ நிறம். பட்டறையிலிருந்து முதல்முதலாகக் கப்பல் ஏறிய நிறம்.

"பொட்டு வெச்ச மெஷினைத் தொட வேண்டாம். பாத்திரம் போதும்" என்றார் கோகிலவாணி.

மரகதம் திரையைப் பார்த்துச் சிவப்பை நிறுத்தார், நீலத்தை நிறுத்தார், மஞ்சளில் ஒரு துளி. அடுப்பில் தண்ணீர் சுட்டது. வெள்ளைத் துணி உள்ளே போயிற்று. கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். உப்பு போட்டார், சலவைச் சோடா போட்டார், காத்திருந்தார்.

வெளியே எடுத்தபோது அது கறுப்பாக இருந்தது.

நாச்சிமுத்து ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். இரண்டு வருடமாக இந்தப் பட்டறைக்கு வந்து போகிறார். ஒரு நிறம் பிறந்து அவர் பார்த்ததில்லை.

மரகதம் அவசரப்படவில்லை. சோப்பு நீரில் அலசினார். கறுப்பு கரைந்து ஓடியது. மறுபடி அலசினார், பிழிந்தார். ஈரத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பெட்டி நகர நகர, ஆவிக்குள்ளிருந்து நிறம் மெல்ல வெளுத்து மேலே வந்தது. ஒரு புதரே பூத்துவிட்டது போலிருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு துணிகளையும் சேர்த்துப் பிடித்தார். எது பழையது, எது புதியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

குழந்தைவேல் புதுத் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கோகிலவாணியைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க அம்மணி, இவர் இப்ப பேசலாங்களா?"

"பேசலாங்க."

நாச்சிமுத்து துணியைக் கையில் வாங்கினார். இன்னும் சூடாக இருந்தது. வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"வராம போயிருந்தா, அம்மணி?"

"அப்படின்னா அந்த நகல் என்னைக்கோ போயிருக்கும்ங்க" என்றார் கோகிலவாணி. "இன்னைக்குத்தான் நமக்குத் தெரிஞ்சிருக்கும்."